எவருக்கும் கிட்டாத பெரும்பான்மை

மலேசியாவின் முன்னோடியான மலாயா சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டுக்குப் பின் நடந்த பொதுத்தேர்தல்கள் அனைத்திலும், வாக்குகள் எண்ணி முடிந்த மாத்திரத்தில் அடுத்த சர்க்காரை அமைக்கப் போகும் அணி எது என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கிவிடுவது வழக்கமாக இருந்தது. பருவமழை பெய்துகொண்டிருந்த 2022 நவம்பர் 19-ஆம் தேதி இரவில் அந்த வழக்கம் முறிந்தது. 222 இடங்கள் கொண்ட மக்களவையில் ஆட்சி அமைக்க 112 உறுப்பினர்கள் வேண்டும். அன்வார் இப்ராஹிமின் தலைமையிலான பக்காத்தான் ஹராப்பான் அணிக்கு 82 இடங்களும், முஹிடின் யாசினின் பெரிக்காத்தான் நேஷனல் அணிக்கு 73 இடங்களும், பழைய கூட்டணிக் காலத்தையும் சேர்த்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் நாட்டை ஆண்ட தேசிய முன்னணிக்கு 30 இடங்களுமே கிட்டின. எஞ்சியவற்றில் பெரும்பகுதி தென்சீனக் கடலுக்கு அப்பாலுள்ள சரவாக், சபா மாநிலங்களின் அணிகளுக்குச் சென்றது.

இந்தத் தேர்தலைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதில் பிறந்த பார்லிமெண்டு 2022 டிசம்பர் 19-ஆம் தேதி முதன்முதலாகக் கூடியது. அதன் ஐந்தாண்டு ஆயுள் 2027 டிசம்பரில் முடிகிறது. மறுபடியும் அணிகள் திரளப் போகின்றன. இடப் பங்கீடு நடக்கப் போகிறது. மறுபடியும் தமிழர் குடியிருப்புகளை நாடி அபேட்சகர்கள் வரப் போகிறார்கள். சமபலமுள்ள அணிகள் மோதும்போது சிறுபான்மைச் சமுதாயத்தின் வாக்குக்கு மதிப்பு உயர்கிறது என்பது அரசியல் அறிந்தோர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை. 2022-இல் அந்த மதிப்பு உயர்ந்தது உண்மையே. உயர்ந்த மதிப்பு யாருக்குப் பயன்பட்டது என்பதே நான் இங்கே ஆராய விரும்பும் விஷயம்.

இந்த நிலை உருவான வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2008 மார்ச் 8-ஆம் தேதித் தேர்தலில் தேசிய முன்னணி 140 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டபோதிலும், 1969-க்குப் பின் முதன்முறையாக மூன்றிலிரு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. 2013-இல் எதிரணியினர் ஏறத்தாழ 51 சதவிகித வாக்குகளைப் பெற்றும் 89 இடங்களே கிட்டியமையால் ஆட்சிக்கு வர இயலவில்லை. ஏறத்தாழ 47 சதவிகிதமே பெற்ற தேசிய முன்னணி 133 இடங்களுடன் அரியணையில் அமர்ந்தது. கிராமப்புறத் தொகுதிகளில் வாக்காளர் தொகை குறைவாகவும் நகர்ப்புறத் தொகுதிகளில் மிகுதியாகவும் இருக்கும்படி எல்லைகள் வகுக்கப்பட்டிருந்ததன் விளைவு அது. 2018 மே 9-ஆம் தேதி மக்கள் அந்தத் தடையையும் தாண்டினார்கள். ஹராப்பான் அணி வெல்ல, தம்முடைய 92-ஆம் வயதில் மகாதீர் முகமட் இரண்டாம் முறையாகப் பிரதம மந்திரியானார். ஆனால் 2020 பிப்ரவரியில், மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உறுப்பினர்கள் அணி மாறியதாலேயே அந்தச் சர்க்கார் கவிழ்ந்தது. அதன்பின் முஹிடின் யாசினும், அவருக்குப் பின் இஸ்மாயில் சப்ரியும், தேர்தல் எதையும் சந்திக்காமலே பிரதம மந்திரிகளாயினர். வாக்களித்தவன் ஒருவனை அனுப்ப, வேறொருவன் ஆளும் இந்த அவலத்தைக் கண்டு மனம் கொதித்த மக்களின் நெருக்குதலால், கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்த அக்டோபர் மாதத்திலேயே பார்லிமெண்டும் கலைக்கப்பட்டது.

தேர்தல் களத்தை மாற்றிய இன்னொரு சீர்திருத்தமும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது கட்சித் தாவல் தடையினும் பெரியது. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கும் திருத்தத்தை 2019 ஜூலையில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருமனதாக நிறைவேற்றின. அத்துடன், மனுச் செய்து பெயர் சேர்த்துக்கொள்ளும் பழைய முறை ஒழிந்து, வயது வந்த பிரஜை ஒவ்வொருவரும் தாமாகவே வாக்காளர் பட்டியலில் இடம்பெறும் ஏற்பாடு வந்தது. 2018-இல் ஒரு கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022-இல் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. நான்கே ஆண்டுகளில் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாகச் சேர்ந்த அத்தேசத்தில், முந்திய தேர்தல்களின் கணக்கை வைத்துக்கொண்டு அடுத்ததை ஊகிக்க முற்பட்டவர்கள் அனைவரும் ஏமாந்தார்கள்.

அவ்வாறு ஏமாந்தவர்களில் முதுபெரும் தலைவர்களும் இருந்தனர். 97 வயதான மகாதீர், லங்காவித் தொகுதியில் வைப்புத்தொகையையே பறிகொடுத்தார். 1969-க்குப் பின் 53 ஆண்டுகளில் அவர் கண்ட முதல் தோல்வி அது. குவா மூசாங் தொகுதியை 1986 முதல் தம் வசம் வைத்திருந்த தெங்கு ரசாலி ஹம்சா 163 வாக்குகளில் தோற்றார். சுங்கை பூலோவில், சுகாதார மந்திரியாக இருந்து நாடறிந்த கைரி ஜமாலுடினை, அன்வாரின் நீதிக் கட்சியைச் சேர்ந்த ரமணன் 2,693 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தேசிய முன்னணியின் தலைவரான ஸாஹிட் ஹமிடி பாகான் டத்தோவில் பெற்ற பெரும்பான்மை 348 வாக்குகளே. அந்த 348 வாக்குகள் மாறி விழுந்திருக்குமானால், பின்னர் நடந்த பேச்சுவார்த்தைகளில் முன்னணியின் சார்பில் யார் பேசியிருப்பார், என்ன முடிவு எட்டப்பட்டிருக்கும் என்பதை யாராலும் சொல்ல இயலாது. தேசிய சரித்திரத்தின் போக்கை, ஆற்றோரச் செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு கிராமத் தொகுதியின் சில நூறு பேர் நிர்ணயித்த நிகழ்ச்சி அது.

நவம்பர் 20 முதல் 24 வரையிலான ஐந்து நாட்கள், மலேசிய அரசியல் சட்டத்தின் ஓர் உறுப்பு, அதுவரை காணாத பாரத்தைத் தாங்கி நின்ற நாட்கள். பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தமக்குத் தோன்றுகிறவரைப் பிரதம மந்திரியாக நியமிக்கும் அதிகாரத்தை அச்சட்டம் மாமன்னருக்கு அளித்திருக்கிறது. அன்வாரும் தமக்குப் பெரும்பான்மை உண்டென்றார். முஹிடினும் தமக்கே உண்டென்றார். மாமன்னர் சுல்தான் அப்துல்லா முதலில் விதித்த கெடுவை ஒரு நாள் நீட்டித்தார். 22-ஆம் தேதி இரு தலைவர்களையும் அழைத்து, இருவரும் சேர்ந்து ஒற்றுமைச் சர்க்கார் அமைக்குமாறு ஆலோசனை கூறினார். முஹிடின் அதை ஏற்கவில்லை. அன்வாரும் வேண்டாம், அவருடைய அணியிலுள்ள ஜனநாயகச் செயல் கட்சியும் வேண்டாம் என்று தேர்தல் மேடைகளில் முழங்கிய, தேசிய முன்னணியின் தலைமைக் கட்சியான அம்னோவின் தலைவர்கள், தங்கள் முழக்கத்தைத் தாங்களே கைவிடவேண்டிய நிலைக்கு வந்தார்கள். 82-உம் 30-உம் சேர்ந்தால் சரியாக 112. அந்த எளிய கூட்டலுக்கு முன்னால், கால் நூற்றாண்டுப் பகைமை பணிந்தது. 24-ஆம் தேதி காலை மலாய் மன்னர்களின் விசேஷ மாநாடு கூடியது. அன்று மாலை ஐந்து மணிக்கு அன்வார் இப்ராஹிம் மலேசியாவின் பத்தாவது பிரதம மந்திரியாகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். 1998-இல் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, இருமுறை சிறை சென்று, 2018-இல் அரச மன்னிப்புப் பெற்று வெளிவந்த ஒருவர், தம்மை வெளியேற்றிய அதே கட்சியின் தோள்மீது கை வைத்து அந்த ஆசனத்தை அடைந்தார். சரவாக், சபா அணிகளும் வந்து சேர்ந்தபின் புதிய சர்க்காரின் பலம் மூன்றிலிரு பங்கான 148-ஐ எட்டியது.

முன்னொரு முறை நிகழ்ந்தது வேறு. 1969 மே 10-ஆம் தேதித் தேர்தலில் ஆளுங்கூட்டணி பலமிழந்ததைத் தொடர்ந்து, மூன்றே நாளில் இனக் கலவரம் மூண்டு கோலாலம்பூர்த் தெருக்களில் இரத்தம் சிந்தியது. பார்லிமெண்டு முடக்கப்பட்டு 1971 வரை கூடவில்லை. 2022-இல் அந்த மே 13-ஐ நினைவூட்டி அச்சமூட்டும் காணொளிகள் டிக்டாக் போன்ற தளங்களில் பரவின. போலீசார் எச்சரிக்கை விடுத்தனர். ஆயினும் ஒரு கடை எரியவில்லை, ஓர் உயிர் போகவில்லை. புதிய சர்க்கார் அமையாத ஐந்து நாட்களும் பேருந்துகள் ஓடின, சந்தைகளில் மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் வழக்கம்போல் கொடுத்து வாங்கினர். இத்தேர்தலின் மிகப் பெரிய வெற்றி எதுவென்று என்னைக் கேட்டால், எந்த அணியின் பெயரையும் சொல்லாமல், அந்த ஐந்து நாள் அமைதியையே சொல்வேன்.

எனினும் அணிகளின் கணக்கைக் கூர்ந்து நோக்கும்போது அமைதி குலையவே செய்கிறது. மலாய் வாக்குகள் மூன்று அணிகளுக்கும் சிதறின. அவற்றில் பெரும் பங்கு பெரிக்காத்தானை நோக்கிச் சென்றது. அவ்வணியைச் சேர்ந்த பாஸ் கட்சி, தனிக்கட்சிகளுள் மிகுதியான இடங்களைப் பெற்று முதலிடத்தில் நின்றது. சீனர், இந்தியர் வாக்குகள் பெருமளவில் ஹராப்பானுக்கே விழுந்தன. ஒரே தேசத்தில் இரண்டு திசைகளில் சென்ற இந்த இரு ஓட்டங்களை இணைக்கும் பாலமாக முன்னணியின் 30 இடங்கள் அமைந்தன என்பதால், ஒற்றுமைச் சர்க்காரில் அந்த 30 இடங்களுக்குக் கிட்டிய மரியாதை, வாக்களித்த இலட்சக்கணக்கான இந்தியர்களுக்குக் கிட்டவில்லை.

இதை விளங்கிக்கொள்ள மலேசியத் தமிழரின் தேர்தல் நிலையை அறிய வேண்டும். மக்கள் தொகையில் ஏறத்தாழ 7 சதவிகிதமான இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் பார்லிமெண்டுத் தொகுதி ஒன்றுகூட அந்நாட்டில் இல்லை. பால்மரத் தோட்டங்களின் வரிசை வீடுகளான லயங்களில் கூடி வாழ்ந்த காலத்திலேயே அவர்கள் பல தொகுதிகளில் பிரிந்து கிடந்தார்கள். அறுபதுகளில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர் துன் சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டி எழுப்பித் தோட்டங்களையே வாங்கினார். சிதறிய மக்களை ஒரு காரியத்தில் ஒன்றுபடுத்த முடியும் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று மலேசியத் தமிழர் சரித்திரத்தில் இல்லை. பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தை விட்டு வெளியேறியவர்கள் நகரங்களின் ஓரத்து அடுக்குமாடிகளில் குடியேறினர். அவர்களுடைய பள்ளியும் கோயிலும் பழைய இடத்தில் நின்றன. வாக்கு மட்டும் நூறு தொகுதிகளில் சிறு சிறு பங்காகச் சிதறியது.

இவ்வாறு சிதறிய வாக்குக்கு ஒரு வலிமையும் உண்டு, ஒரு பலவீனமும் உண்டு. 2007 நவம்பர் 25-ஆம் தேதி, இந்தியர் உரிமைக்குப் போராடிய ஹிண்ட்ராப் இயக்கத்தின் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூரில் ஆயிரமாயிரமாகத் திரண்ட தமிழர்கள் கண்ணீர்ப்புகைக்கும் தண்ணீர்ப் பீரங்கிக்கும் ஈடுகொடுத்து நின்றார்கள்; அதன்பின் மூன்றரை மாதங்களில் அந்த வலிமையை நாடு கண்டது. துன் சம்பந்தனுக்குப் பின் 1974 முதல் ம.இ.கா.வின் சாமிவேலு வைத்திருந்த சுங்கை சிப்புட் தொகுதி, 2008-இல் டாக்டர் ஜெயக்குமாரிடம் சென்றது. தடுப்புக்காவலில் இருந்த ஹிண்ட்ராப் தலைவர்களுள் ஒருவரான மனோகரன், சிறையிலிருந்தபடியே சிலாங்கூர்ச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். பினாங்கில் பேராசிரியர் ராமசாமி துணை முதலமைச்சரானார். சிறுபங்கு வாக்கு ஒரே திசையில் சாய்ந்தால் பல தொகுதிகளின் முடிவை மாற்றும் என்பது அன்று நிரூபணமாயிற்று.

பலவீனம் எங்கே இருக்கிறது? அந்த வாக்கு இன்ன அணிக்கே விழும் என்பது முன்கூட்டியே உறுதியாகிவிட்டால், அதைப் பெற எவரும் பேரம் பேச வேண்டியதில்லை. 2018-இல் அமைந்த மந்திரிசபையில் இந்திய வம்சாவளியினர் நால்வர் முழு மந்திரிகளாக இருந்தார்கள்: குலசேகரன், சேவியர் ஜெயக்குமார், வேதமூர்த்தி, கோபிந்த் சிங் டியோ. 2022-இல் அமைந்த ஒற்றுமைச் சர்க்காரிலோ, பத்து காஜா உறுப்பினர் சிவகுமார் ஒருவரே முழு மந்திரி. 2023 டிசம்பரில் நடந்த மாற்றத்தில் அவரும் விலக்கப்பட்டு, கோபிந்த் சிங் இடம்பெற்றார். சீக்கிய சகோதரர் ஒருவர் மந்திரியாவதில் தமிழருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் தகுதி வாய்ந்தவரே. ஆயினும் ஒரு தமிழர்கூட இல்லாத அன்றைய மந்திரிசபையைக் கண்டு சமுதாயம் மனம் புண்பட்டது நியாயமே. ம.இ.கா.வும் இதற்கு மருந்தாக நிற்க இயலவில்லை. முன்னணியின் தராசுச் சின்னத்தில் அக்கட்சிக்கு மிஞ்சியது சரவணனின் தாப்பா ஒன்றே. 2022-இல் முன்னணிக்குக் கிடைத்த முழு மந்திரி பதவிகள் அம்னோவோடு நின்றுவிட்டன.

மந்திரி பதவி ஒன்றே சமுதாயத்தின் கதி மோட்சம் என்று நான் கருதவில்லை. மலேசிய மண்ணில் பிறந்தும், குடியுரிமை இல்லாதோருக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு வயது முதிர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாக்கே இல்லை. ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில், சுற்றிலும் தமிழர் இல்லாத இடத்தில் மாணவர் குறைந்து வாடும் பள்ளிகள் உள்ளன; அவற்றைக் குடியிருப்புகளுக்கு அருகே பெயர்த்து அமைப்பது பல்லாண்டு வேண்டுகோள். இவையெல்லாம் மந்திரிசபை மேசையில் எடுத்துவைக்கப்பட வேண்டிய காரியங்கள். எடுத்துவைக்க ஒருவர் வேண்டும். எடுத்துவைத்ததை மறுக்க முடியாதபடி எழுத்தில் ஒரு வாக்குறுதியும் வேண்டும்.

எழுத்தில் வாக்குறுதி பெறும் முயற்சி ஒருமுறை நடந்தது. 2013 தேர்தலுக்குச் சற்று முன்பு ஹிண்ட்ராப் தலைவர் வேதமூர்த்தி தேசிய முன்னணியோடு ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு, தேர்தலுக்குப் பின் துணை மந்திரியுமானார். உறுதிமொழிகள் நிறைவேறவில்லை என்று கூறி, ஓராண்டு முடிவதற்குள் பதவி விலகினார். இதைக் காட்டி, உடன்படிக்கையே வீண் என்று சொல்வோர் உண்டு. நான் அவ்வாறு கொள்ளமாட்டேன். ஓர் அணியோடு ஒரு தலைவர் செய்த ஏற்பாடு அது. ஒவ்வொரு தொகுதியிலும் போட்டியிடும் எல்லா அணி அபேட்சகர்களிடமும், வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பாகவே, பெயர் குறித்த பள்ளி, பெயர் குறித்த குடியிருப்பு, இத்தனை குடியுரிமை மனுக்கள் என்று வரையறுத்துக் கேட்டு, அவர்கள் தரும் பதிலைப் பத்திரிகைகளில் வெளியிடும் காரியம் இன்னும் நடந்ததில்லை.

தேர்தல் நேரத்து நட்பைமட்டும் நம்பக்கூடாது என்பதற்குப் பாடாங் செராய் சான்று. கெடா மாநிலத்தின் அத்தொகுதியில் ஹராப்பான் அபேட்சகராக நின்ற கருப்பையா, வாக்களிப்புக்கு மூன்று நாட்களுக்கு முன் காலமானார். தேர்தல் டிசம்பர் 7-ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குள் ஒற்றுமைச் சர்க்கார் அமைந்துவிட்டமையால், ம.இ.கா. அபேட்சகர் சிவராஜ் ஹராப்பானுக்கு ஆதரவாக ஒதுங்கிக்கொண்டார். தலைவர்கள் கைகோத்ததால் தொண்டர்களும் கைகோப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். முடிவில் பெரிக்காத்தான் அபேட்சகர் பதினாறாயிரம் வாக்குகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். மேலிடத்தில் கூட்டிய 82-உம் 30-உம் அடிமட்டத்தில் அப்படியே கூடவில்லை. அடுத்த தேர்தலில் இவ்விரு அணிகளும் சேர்ந்து நிற்குமா, பிரிந்து நிற்குமா என்ற கேள்விக்கு விடை எதுவானாலும், மலாய் வாக்குகள் பிளவுபட்டிருக்கும் வரையில், எண்ணற்ற தொகுதிகளில் சில நூறு, சில ஆயிரம் தமிழ் வாக்குகளே வெற்றியை நிர்ணயிக்கப் போகின்றன.

ஆகவே மலேசியாவில் வாழும் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து பல ஆண்டுகளாகியும், அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரியையே வைத்திருப்போர் உங்களிடையே ஏராளம். வாக்காளர் பட்டியல் அந்த முகவரியைப் பின்பற்றியே அமைவதால், வாழும் ஊரில் அவர்களுக்குக் குரல் இல்லை. பதினெட்டு வயது நிறைந்த உங்கள் மகனும் மகளும் தாமாகவே பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். எந்தத் தொகுதியில் என்பதை நீங்கள்தான் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், இந்த வாரமே பதிவிலாகாவில் முகவரியை மாற்றிக்கொண்டு, தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறதென்று பார்த்து, பழைய தொகுதியிலேயே இருந்தால் மாற்றத்துக்கு ஆணையத்திடம் மனுச் செய்யுங்கள். அதன்பின் உங்கள் தொகுதிக்கு வரும் அபேட்சகரிடம், அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் பெயரைச் சொல்லி, அதற்கு என்ன செய்வீர் என்று எழுத்தில் கேளுங்கள்.